ஒரு பொறிவண்டுக்கு பில் போட்டவன்

தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்திருக்கிறீர்களா நீங்கள்?

நாற்பதைத் தாண்டியவர் என்றால் அநேகமாக வளர்த்திருப்பீர்கள். கொடுக்காப்புளி இலையைக் கிள்ளி உள்ளே போட்டு, டிராயர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, வகுப்பில் வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது மெள்ளத் திறந்து பார்த்து... ஒருநாள் காலையில் உள்ளே அரிசி மாதிரி மஞ்சளாக முட்டை கிடந்தால், அன்றைக்கு நாம்தான் அந்தத் தெருவுக்கே ராஜா! ஒரு முட்டைக்கு ஒரு பல்பம் என்று வியாபாரம் நடக்கும். இரண்டு நாளில் வண்டு செத்துப்போகும். அதற்காக யாரும் அழுததில்லை. அடுத்த மழைக்கு வேறு வண்டு வரும் என்று நமக்குத் தெரியும்.

என் வாழ்க்கையில் தீப்பெட்டி இன்னொரு தடவையும் வந்தது. அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்ல வேண்டும்.

2001. பி.காம் முடித்துவிட்டு மாயவரத்துப் பக்கம் ஒரு பூச்சிமருந்துக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கடை என்றால் அது ஒரு ஆஸ்பத்திரி மாதிரி. விவசாயிகள் வருவார்கள். வயலில் பிடுங்கிய நாற்றைக் காட்டுவார்கள். 'குருத்து காயுது', 'இலை சுருட்டுது', 'புகையான் மாதிரி இருக்கு' என்பார்கள். முதலாளி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்து ஒரு மருந்து பேர் சொல்வார். பையன் பாட்டிலை எடுத்து வைப்பான். நான் பில் போடுவேன். பூச்சி, புழு பற்றி எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. முதலாளிக்கும் அப்படித்தான் என்பது பின்னால் தெரிந்தது.

ஒருநாள் மதியம், முதலாளி சாப்பிடப் போகிற நேரம். ஒரு பெரியவர் வந்தார். மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஐந்தாறு வண்டுகள். மிளகு சைஸ். ஆரஞ்சு கலரில் பளபளவென்று, வார்னிஷ் அடித்த மாதிரி.

“தம்பி, வயலெல்லாம் இதான் மேயுது. என்னா மருந்து போடலாம்?”

எனக்குச் சட்டென்று என் பழைய பொன்வண்டு ஞாபகம் வந்தது. 'அழகா இருக்கே' என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. முதலாளி எட்டிப் பார்த்து, “மோனோகுரோட்டோபாஸ் அடிங்க, சுத்தமா போயிரும்” என்று சொல்லிவிட்டு செருப்பை மாட்டினார். நான் பில் போட்டேன். அன்றைக்குக் கணக்கு பைசா சுத்தமாக டேலி ஆனது.

எட்டு வருஷம் கழித்து, நிருபராக ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். உழவர் வயல்வெளிப் பள்ளி என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. வரப்பில் இருபது பேர். எல்லாருமே விவசாயிகள். கையில் லென்ஸ், சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா. வயலில் இறங்கி, குத்துக் குத்தாகப் பார்த்து, எந்தப் பூச்சி எத்தனை என்று எண்ணி வந்து, படம் வரைந்து, இந்தப் பக்கம் நன்மை செய்கிற பூச்சி, அந்தப் பக்கம் தீமை செய்கிற பூச்சி என்று பிரிக்கிறார்கள். பெரிய மீசை வைத்த ஒருத்தர் நாக்கைத் துருத்திக்கொண்டு சிலந்திக்கு எட்டாவது கால் வரைந்துகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது பயிற்சியாளர் ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டி, “இது யாரு?” என்றார். கவனியுங்கள், 'இது என்ன' இல்லை, 'இது யாரு'!

டப்பாவுக்குள் அதே ஆரஞ்சு வண்டு.

“பொறிவண்டு” என்றார்கள் கோரஸாக. “நம்மாளு!”

நெல் வயலில் தத்துப்பூச்சியையும் அசுவினியையும் தின்கிற வண்டு அது. கத்தரிக்காய்ச் செடியில் இலையைச் சுரண்டுகிற புள்ளி வண்டு ஒன்று உண்டு. அது சொந்தக்காரன்தான், ஆனால் வேறு ஆள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மருந்துச் செலவு மிச்சம். தெரியாவிட்டால்? போலீஸ்காரரைத் திருடன் என்று அடித்துக் கொன்ற கதை. அந்தப் பெரியவர் தீப்பெட்டியில் கொண்டு வந்தது அவருடைய சொந்தக் காவல்காரர்களை. நான் அதற்கு பில் போட்டிருக்கிறேன். நம்பர் போட்டு, கார்பன் வைத்து, ஒரிஜினலை அவரிடம் கொடுத்து, நகலை ஃபைலில் குத்தி வைத்திருக்கிறேன்.

இது ஏதோ மாயவரத்து அறியாமை மட்டும் இல்லை. இந்தோனேஷியா ஒரு முழு நாடாக இந்தத் தப்பைச் செய்து பார்த்தது. நெல்லுக்கு மானிய விலையில் மருந்து கொடுத்தார்கள். மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. காரணம் எளிது. மருந்தில் முதலில் செத்தது சிலந்திகளும் வண்டுகளும். தண்டுக்குள் பத்திரமாக இருந்த புகையான் முட்டை பொரித்து வெளியே வந்தபோது, அதைத் தின்ன வயலில் ஆள் இல்லை. பூச்சிகளை எண்ணிப் பார்த்த விஞ்ஞானிகள் அதை எடுத்துச் சொல்ல, 1986-ல் அந்த அரசு 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று ஒரே ஆணையில் நிறுத்தியது. விளைச்சல் விழுந்துவிடவில்லை. வரப்பில் உட்கார்ந்து சிலந்திக்குக் கால் வரைகிற அந்தப் பள்ளி, அங்கேதான் 1989 வாக்கில் பிறந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் எங்கள் அபார்ட்மென்ட்டின் பின்பக்கம் இருக்கிறது.

சென்னைப் புறநகர். 24 வீடு. பின்னால் எட்டடி அகலம், அறுபதடி நீளத்தில் யாருக்கும் வேண்டாத ஒரு சந்து. காம்பவுண்டு ஓரமாக ஒரு கறிவேப்பிலை மரம், தானாக முளைத்த எருக்கு, துளசி, நாயுருவி, பேர் தெரியாத பத்துப் பதினைந்து செடிகள். மகள் ஏழாம் வகுப்பு. 'உங்கள் வீட்டைச் சுற்றி இருக்கும் பத்து உயிரினங்கள்' என்று பள்ளியில் ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். பத்தையும் அந்தச் சந்தில் ஒரே மதியத்தில் பிடித்துவிட்டாள். பிடித்தாள் என்றால் நோட்டில்! என்னிடம் வந்து, “அப்பா, நீங்க பி.காம்தானே... இதுக்குக் கோடு போட்டுத் தாங்க” என்றாள்.

இருபத்தைந்து வருஷம் கழித்து என் படிப்பு ஒரு வேலைக்கு உதவியது. குறிப்பேட்டுக்குப் போடுகிற மாதிரியே கட்டம் போட்டுக் கொடுத்தேன். தேதி, நேரம், விவரம், எங்கே, எத்தனை. 'உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு' என்று விளையாட்டாக இரண்டு கட்டம் சேர்த்தேன். அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ப்ராஜெக்ட் முடிந்தும் நோட்டு முடியவில்லை. நாலு மாதத்தில் 47 பேர் அதில் கணக்கு ஆரம்பித்துவிட்டார்கள். கும்பிடுபூச்சி, மரவட்டை, தட்டான், முசுறு எறும்பு, தாவுகிற சிலந்தி, எங்கள் மீட்டர் பாக்ஸ் ஓரம் மண்ணில் வீடு கட்டி, அதற்குள் மயங்கிய சிலந்திகளைக் குழந்தைக்குச் சாப்பாடாக அடுக்கி வைத்துவிட்டுப் போகிற குளவி...

பட்டாம்பூச்சிகளுக்குத் தமிழில் என்ன அழகான பேர்கள் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? எருக்கில் முட்டை வைப்பது வெந்தய வரியன். அதன் புழு எருக்கம்பாலின் விஷத்தைத் தின்றே வளர்ந்து, அந்த விஷத்தை உடம்பிலேயே வைத்துக்கொள்ளும். ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை கிட்டே போகாது. கறிவேப்பிலையில் வளர்வது கறிவேப்பிலை அழகி. அதுவும் எலுமிச்சை அழகியும் சின்னப் புழுவாக இருக்கும்போது அச்சு அசல் பறவை எச்சம்! பெரிதானதும் பச்சைப் பசேலென்று மாறிவிடும். அப்போது லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நம்முடைய மாநிலப் பட்டாம்பூச்சியாக 2019-ல் அறிவிக்கப்பட்டது தமிழ் மறவன். அது மலைக்காட்டு ஆள். எங்கள் சந்துக்கு வர வாய்ப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கடைசிப் பக்கத்தில் பேர் எழுதி, ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறாள்.

கறிவேப்பிலையைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒரு ஆச்சரியம் கிடைத்தது. அதன் தாவரவியல் பெயரில் 'கோனிகி' என்று வரும். யார் அந்த கோனிக் என்று பார்த்தால், ஆள் நம்ம ஊர்! ஜோஹன் கெர்ஹார்டு கோனிக். செடி, பூச்சிகளுக்கெல்லாம் இரண்டு சொல்லில் பேர் வைக்கிற முறையைக் கொண்டுவந்த லின்னேயஸின் மாணவர். 1768-ல் டேனிஷ் மிஷனுக்கு டாக்டராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். டாக்டர் பார்த்த நேரம் போகச் செடியும் பூச்சியும் பார்த்தார். அவர் காலத்தில் தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பூச்சிகளுக்கு ஃபாப்ரிஷியஸ் என்கிற இன்னொரு லின்னேயஸ் மாணவர் பேர் வைத்தார். இருப்பிடம் என்கிற இடத்தில் 'தரங்கம்பாடி' என்று எழுதினார். மாயவரத்தில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் போய் அந்த டேனிஷ் கோட்டையின் நிழலில் கடலை தின்றவன் நான். உலகப் பூச்சிப் புத்தகங்களில் அந்த ஊர் பேர் இருப்பது தெரியாது.

கோனிக் கரையானைப் பற்றி எழுதிய கட்டுரை 1779-ல் பெர்லினில் அச்சானது. அதில் நம் பக்கத்து மக்கள் ஈசல் பிடிக்கிற விதத்தை விவரித்திருக்கிறார். புற்றில் காற்று வருகிற பக்கம் ஒரு ஓட்டை, எதிர்ப்பக்கம் ஒரு ஓட்டை. எதிர்ப்பக்க ஓட்டையில் பானையின் வாயை வைக்க வேண்டும். காற்றுப் பக்கம் நாற்றம் பிடித்ததைப் போட்டுப் புகை மூட்ட வேண்டும். ஈசல் எல்லாம் பானைக்குள்! சில சமயம் நல்ல பாம்பும் வந்துவிடும் என்கிறார் மனிதர். பிடித்ததை மாவோடு கலந்து பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்பார்களாம். பானைக்குள் முன்கூட்டியே ஒரு வாசனை இலையைத் தேய்த்து வைப்பார்கள். என்ன இலை? கறிவேப்பிலை!

ஈசல் பிடித்தவர்களுக்கு எந்த மழைக்குப் பிறகு, எந்தப் புற்றில், எந்த நேரத்தில் கிளம்பும் என்று தெரிந்திருந்தது. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். எழுதி வைத்தவர் பேர் மரத்துக்கு வந்தது. கோபப்படுவதா, கைகுலுக்குவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

எழுதி வைப்பதன் அருமை ஜெர்மனியில் கிரேஃபெல்ட் என்கிற ஊரில் தெரிந்தது. 1905-ல் தொடங்கிய ஒரு பூச்சி ஆர்வலர் சங்கம் அங்கே இருக்கிறது. பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் பூச்சி பார்க்கிறவர்கள். காட்டோரங்களில் கூடாரம் மாதிரி வலை கட்டி, அதில் விழுகிற பூச்சிகளை ஆல்கஹால் பாட்டிலில் சேர்த்து, எடை போட்டு எழுதி வைத்தார்கள். 1989-ல் ஆரம்பித்து 27 வருஷம், 63 இடங்கள். 'எதுக்கு இந்த வெட்டி வேலை' என்று அவர்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள், சந்தேகமே வேண்டாம். 2017-ல் அந்தக் கணக்கை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தபோது உலகமே அதிர்ந்தது. பறக்கிற பூச்சிகளின் எடையில் 76 சதவிகிதம் காணாமல் போயிருந்தது. அதுவும் பாதுகாக்கப்பட்ட இடங்களில்! ஆரம்ப இருப்பு எழுதாமல் விட்டிருந்தால் நஷ்டம் என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? எங்கள் கணக்கு வாத்தியார் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

நம் ஊரில் ராத்திரி பஸ்ஸில் போனால் முன்கண்ணாடி முழுக்கப் பூச்சி அப்பியிருக்கும். கிளீனர் பையன் தண்ணீர் ஊற்றித் துடைப்பான். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பையன் கடைசியாக எப்போது அப்படித் துடைத்தான் என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை.

இப்படியெல்லாம் நான் பெரிய ஞானி மாதிரி யோசித்துக்கொண்டிருந்த மாதத்தில்தான் அசோசியேஷன் மீட்டிங் வந்தது. பின்பக்கச் சந்தைச் சுத்தம் செய்து பேவர் பிளாக் போட வேண்டும், டூ வீலர் நிறுத்தலாம் என்று செகரட்டரி தீர்மானம் கொண்டு வந்தார். கொட்டேஷன் 43,000 ரூபாய். செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும். செகரட்டரி ஒன்று. பொருளாளர் ஒன்று. பொருளாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? பி.காம் படித்த ஒரே பாவத்துக்காக நான்தான்.

“அங்க செடி இருக்கு சார்...” என்று இழுத்தேன்.

“அதுதான் சார் பிரச்னையே. கொசு பூரா அங்கேர்ந்துதான் வருது. எங்க வீட்ல யாரும் தூங்கி ஒரு மாசம் ஆகுது.”

முதல் மாடி மாமி, “எருக்கு வீட்டாண்ட இருக்கப்படாதும்பா” என்று வழிமொழிந்தார். வாக்கெடுப்பு நடந்தால் 23-க்கு 1 என்று தெரிந்தது. நல்ல கணக்குப்பிள்ளை செய்கிற ஒரே காரியத்தைச் செய்தேன். “பில்லை அடுத்த மாசத்துக்குத் தள்ளுவோம் சார், ஃபண்ட் பொசிஷன் டைட்டா இருக்கு” என்றேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, 'கொசுப்புழு' என்று தலைப்பு எழுதினாள். அந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாமியின் பேரனைச் சேர்த்துக்கொண்டு, டார்ச்சோடு 24 வீட்டிலும் காலிங் பெல் அடித்தாள். ரிசல்ட் ஒன்பது இடம். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு, மொட்டை மாடியில் கிடந்த பெயின்ட் டப்பா, மூடி சரியில்லாத சம்ப்... பின்பக்கச் சந்தில் தேங்கிய தண்ணீரே இல்லை. அதனால் அங்கே பூஜ்யம். ஒன்பதாவது என்ட்ரி: 'இரண்டாவது மாடி, செகரட்டரி அங்கிள் வீடு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டு, நிறைய.'

அதை மீட்டிங்கில் நான் படிக்கவில்லை. தனியாகக் காட்டினேன். மனிதர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, “பாதி போட்டுக்கலாம் சார். கறிவேப்பிலைப் பக்கம் இருக்கட்டும். எல்லாருக்கும் ரசத்துக்கு ஆகும்” என்றார். சமரசம். நான் செக்கில் கையெழுத்துப் போட்டேன்.

எருக்கு இருந்தது அந்தப் பாதியில்.

எனக்குத் தெரியும். 'வேலை ஆரம்பிக்கும் முன்னாடி சொல்லுங்க சார்' என்று சொல்லியிருந்தேன். சொல்லவில்லை. நான் ஆபீஸில், அவள் பள்ளியில் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, ஆட்கள் வந்து வெட்டிக் குவித்துவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் அவள் அந்த எருக்கில் வெந்தய வரியன் புழு ஐந்து எண்ணியிருந்தாள். வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் குவியலைக் கிளறினாள். இலை வாடி, பால் காய்ந்திருந்தது. மூன்று புழு கிடைத்தது. ஒரு டிபன் பாக்ஸில் போட்டு, ரயில்வே கேட் பக்கத்துக் காலி மனையில் இருக்கிற எருக்குக்கு என் வண்டியில் கொண்டுபோனோம். மறுநாள் இரண்டு இருந்தது. அதற்கு மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. இடம் மாறிக் கூட்டுப்புழுவாகத் தொங்கப் போயிருக்கலாம். காக்காய்க்கும் போயிருக்கலாம். அவளிடம் முதலாவதைச் சொன்னேன்.

ராத்திரி அவள் தூங்கிய பிறகு நோட்டைத் திறந்து பார்த்தேன். 'வெந்தய வரியன் புழு. இருப்பு 5. வெளியே 5. காரணம்: பேவர் பிளாக்.' என் பேர் இல்லை. நான் கையெழுத்துப் போட்டது அவளுக்குத் தெரியும். ஆனாலும் எழுதவில்லை. 2001-ல் அந்தப் பெரியவருக்கு நான் கிழித்துக் கொடுத்த பில்லிலும் பில் போட்டவன் பேர் கிடையாது. கடைப் பேர்தான் இருக்கும்.

கீழே இருந்த காலி வரியில், பென்சிலால், என் பேரையும் செக் நம்பரையும் எழுதிவிட்டுப் படுத்தேன். அவள் மறுநாள் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பென்சில் மேலேயே பேனாவால் எழுதிவிட்டாள்.

கறிவேப்பிலைப் பக்கத்துப் பாதி இன்றைக்கும் இருக்கிறது. கணக்கு 53-ல் நிற்கிறது. பேவர் பிளாக் பக்கம் மூன்று ஸ்கூட்டி நிற்கிறது. ஒரு கல்லின் இடுக்கில் எருக்கு துளிர் விட்டிருக்கிறது. வெட்டினால் வேரிலிருந்து திரும்ப வருகிற சாதி அது. ஸ்கூட்டி ஸ்டாண்டுக்கு ஓர் அடி தள்ளி. எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி இருக்கும். செகரட்டரி போன் செய்தார். இந்த நேரத்தில் எதற்கு என்று பயந்துகொண்டேதான் எடுத்தேன். தண்ணி லாரி வரவில்லையோ, லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டார்களோ...

“சார், ஒண்ணுமில்ல... எங்க பால்கனி எலுமிச்சைத் தொட்டில, இலை மேல ஏதோ பறவை எச்சம் மாதிரி இருக்கு.”

“சரி சார்...”

“அது நகருது சார். பாப்பா முழிச்சிருக்காளா?”